பருவம், மாரி, கார்: குறுந்தொகை 66ஆம் பாடலின் ஆங்கிலப் பெயர்ப்பு

பூத்தல், இலையுதிர்த்தல், வலசை வருதல் முதலிய உயிரின நிகழ்வுகளுக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை பீனாலஜி எனப்படும். பெல்ஜியத் தாவரவியலார் சார்ல் மோரன் 1849-இல் இச்சொல்லை வழங்கினார். காலம், அதனை உணர்த்தும் குறிப்பு, குறிப்பிற்கு உயிர் காட்டும் எதிர்வினை ஆகிய மூன்றையும் இத்துறை பிரித்தறியும். மழை, வெப்பம், பகற்பொழுதின் நீளம் ஆகியன குறிப்புகள். குறிப்புப் பிறழின் எதிர்வினையும் பிறழும். கோவர்த்தனாரின் குறுந்தொகைப் பாடல் (66) இப்பிறழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது.

கார்காலத்தில் மீள்வதாகக் கூறிச் சென்ற தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. பூத்தது காரின் அடையாளமாயின் தலைவன் சொல் பொய்த்தவனாவான். எனவே தோழி பழியை மரத்தின்மேல் ஏற்றுகிறாள்: காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கி அது பூத்தது என்கிறாள். இவ்வாதம் நிலைபெறப் பருவம், மாரி, கார் என்னும் மூன்று சொற்களும் தம்முள் கலவாதிருத்தல் வேண்டும். பருவம் தலைவன் குறித்த காலம். மாரி வானத்து நிகழ்வு. கார் ஆவணி, புரட்டாசி ஆகிய இரு திங்கள்.

ஏ. கே. இராமானுசன் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' (1967) என்னும் நூலில் பருவத்தை 'மழைக்காலம்' எனப் பொருள்படப் பெயர்த்துள்ளார். மாரியும் அதே மழைச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. பருவம் என்னும் மூலச்சொல்லில் மழை இல்லை. மழை வேறு, காலம் வேறு என்னும் தோழியின் வாதம் இதனால் தளர்கிறது. எனினும், காருக்கு 'மான்சூன்' என்பதைத் தேர்ந்து, 'முறையான' எனப் பொருள்படும் அடையைச் சேர்த்தமை இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. மூலத்திற்கேற்பக் காரைப் பாடலின் முடிவில் நிறுத்தியதும் பாராட்டத்தக்கது. மான்சூன் என்பது பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்வழி வந்ததே. ஆயினும் இன்றைய ஆங்கில வாசகர் அதனைக் காற்றாகவும் மழையாகவுமே கொள்வர்.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. கொன்றை என்பதைச் சரக்கொன்றை எனக் கொண்டால், அது இன்று ஏப்ரல் முதல் சூன் வரை மிகுதியாகப் பூப்பது. கேரளத்தில் விஷுவுக்குரிய மலரும் அதுவே. சங்க மரபோ அதனைக் காருக்கு உரித்தாக்கியது. இம்முரணை அடிக்குறிப்பில் சுட்டலாம், பாடலுள் திருத்தலாகாது.

பருவச்சொற்களைப் பெயர்ப்போர் காலத்துக்கும் குறிப்புக்கும் எதிர்வினைக்கும் தனித்தனிச் சொற்களை முன்னரே வரையறுத்துக்கொள்ளல் நன்று. காலத்துக்கும் மழைக்கும் ஒரே சொல்லை வழங்கின், ஏமாந்தது மரமா தலைவியா என்பதே மயங்கிவிடும்.