டயருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா?

காரைக்குடியில் வீல் அலைன்மென்ட் கடைக்குப் புது டயர் போடப் போனால், "நைட்ரஜன் அடிச்சிருவோமாண்ணே?" என்று கேட்கிறார்கள். டயர் சூடாகாது, வெடிக்காது, மைலேஜ் கூடும், மாசக்கணக்கில் காற்று இறங்காது என்று காரணங்களும் கூடவே வருகின்றன. ஒரு கோடை முழுக்க என் காரிலேயே இவற்றைச் சோதித்துப் பார்த்தேன்.

முன்சக்கரம், பின்சக்கரம் என்று பிரித்தால் எஞ்சின் பாரம் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் இடப்பக்க டயர் இரண்டுக்கும் நைட்ரஜன், வலப்பக்கம் இரண்டுக்கும் பெட்ரோல் பங்க் காற்று. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டில் சொன்னபடி நான்கிலும் 33 பி.எஸ்.ஐ. அளந்தது எல்லாம் ஒரே டிஜிட்டல் கேஜில்தான். கடைக்குக் கடை கேஜ் மாறும். அதை நம்பி ஒப்பிட முடியாது.

முதலில் சூடு. விடிகாலையில் 33 காட்டிய டயர்கள், சித்திரை வெயிலில் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய் நின்றதும் 38ஐத் தாண்டியிருந்தன. இரண்டு பக்கமும் அப்படித்தான். பள்ளிப் பாடத்தில் படித்த வாயு விதிப்படி, 28 டிகிரியில் 33 ஆக இருக்கும் அழுத்தம் 65 டிகிரியில் ஏறக்குறைய 39 ஆகும். உள்ளே இருப்பது காற்றா, நைட்ரஜனா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே!

ஆனால் ஈரம் இருந்தால் கதை வேறு. பங்க் கம்ப்ரசரின் தொட்டிக்குள் தண்ணீர் சேரும். அதை அவ்வப்போது வடிக்காவிட்டால் டயருக்குள்ளும் போய்விடும். சூட்டில் அது ஆவியாகி அழுத்தத்தை மேலும் 3 பி.எஸ்.ஐ. வரை ஏற்றக்கூடும், இரும்பு ரிம்மில் துருவும் பிடிக்கும். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஈரத்தின் வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நைட்ரஜன் மெஷினிலிருந்து வருவது உலர்ந்த வாயு. அந்த வகையில் அது நல்லது. தொட்டியை ஒழுங்காக வடிக்கும் கடையின் காற்றும் ஏறக்குறைய அதே பலனைத் தரும்.

காற்று இறங்குவதில்தான் வித்தியாசம் தெரிந்தது. கோடை முடிவில் வலப்பக்கம் இரண்டு பி.எஸ்.ஐ.யும் இடப்பக்கம் ஒன்றுக்குச் சற்று மேலும் குறைந்திருந்தன. ரப்பருக்குள் புகுந்து வெளியேறுவதில் ஆக்சிஜன் நைட்ரஜனைவிட மூன்று நான்கு மடங்கு வேகமானது; காரணம் அதுதான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களில் 30 பி.எஸ்.ஐ. வைத்து, ஓராண்டு வெளியே போட்டுப் பார்த்தது. காற்று அடைத்தவை சராசரியாக 3.5 இழந்தன, நைட்ரஜன் அடைத்தவை 2.2. ஓராண்டு முழுக்கக் கவனிக்காமல் விட்டாலும் கிடைக்கும் ஆதாயம் 1.3 பி.எஸ்.ஐ.தான். மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பவருக்கு அதுவும் தேவையில்லை. மைலேஜ் கூடும் என்பதும் இதற்குள் அடங்கியதுதான்: அழுத்தம் சரியாக இருந்தால் மைலேஜ் சரியாக இருக்கும், எந்த வாயு என்பது பொருட்டில்லை.

காசு கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பல கடைகளில் இருக்கிற காற்றை இறக்கிவிட்டு ஒரே முறை நைட்ரஜன் அடித்து, பச்சை மூடி போட்டு அனுப்புகிறார்கள். முழுக்க இறக்கிய டயருக்குள்ளும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமான காற்று மிச்சமிருக்கும். மெஷின் தருவது 95 விழுக்காடு நைட்ரஜன் என்றால், ஒருமுறை அடித்த பிறகு டயருக்குள் 10 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். இன்னொரு முறை இறக்கி ஏற்றினால்தான் 6, 7க்கு வரும். பணம் கொடுப்பதாக இருந்தால் இரண்டு முறை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

விமானத்தில் இதெல்லாம் உயிர் விஷயம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் சூட்டில் வெடித்தது காற்று அடைத்த டயர். பெரிய விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இன்று அமெரிக்க விதி. நம் கார் டயர் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கார் டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைந்த நிலையில், பாரத்தோடு, வேகமாக ஓட்டுவதால். பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து தானே சூடேறுகிறது. இங்கேதான் எனக்குப் பயம். நைட்ரஜன் போட்டவர்கள் சிலர், சாதாரணக் காற்றைக் கலக்கக்கூடாது என்று நினைத்து, குறைந்த டயரோடு தேவகோட்டை தாண்டித் தொண்டி வரைக்கும் போகிறார்கள். தாராளமாகக் கலக்கலாம், எந்தக் கெடுதலும் கிடையாது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, நிறுத்தி அடித்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜனுக்கு உண்மையான தேவை உள்ளவர்கள் செட்டிநாட்டில் உண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, படைப்புக்கும் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊர் வந்து, மற்ற நாளெல்லாம் பூர்வீக வீட்டு ஷெட்டில் காரைப் பூட்டி வைத்திருப்பவர்கள். அந்த டயர் தேய்வதில்லை, வயதாகிறது. ஆக்சிஜன் உள்ளிருந்தே ரப்பரை முதுமையாக்குகிறது. நைட்ரஜன் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அழுத்தமும் மெதுவாக இறங்கும். அவர்கள் போடட்டும். தினம் ஓட்டும் நமக்கு அந்தக் காசில் நல்ல கேஜ் ஒன்று போதும்.

பூட்டிக் கிடந்த காரை எடுக்கும் முன் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பத்து வயது தாண்டிய டயரில் எந்த வாயு இருந்தாலும் ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதேதான்.