எழுதி வைத்துவிட்டு இடித்த கோயில்

அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகப் போனால் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரை ஊர், காலையில் கிளம்பினால் நிதானமாகப் பார்த்துத் திரும்பலாம். மூவர் பாடல் பெற்ற வைத்தியநாதர் கோயிலுக்குப் பலரும் சாமி கும்பிட வருகிறார்கள். நான் சுவரைப் பார்க்கச் சொல்வேன்.

பழைய கற்றளியை இடித்துப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிக்கும் முன், சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. விளக்கெரிக்க யாரோ விட்ட கொடையும் கணக்கில் தவறக் கூடாது என்ற அந்தக் கவனம் எனக்குப் பெரிய விமானங்களைவிட உயர்ந்தது. திருப்பணி என்ற பெயரில் எழுத்துக்களைச் சுரண்டித் தேய்க்கும் நம் காலத்தவர் இங்கே வந்து நின்று படிக்க வேண்டும்.

பங்குனியில் போனால் நந்தி கல்யாணமும் பார்க்கலாம். கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர், மாப்பிள்ளை நந்தியோடு ஆற்றைக் கடந்து வருவார். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று ஊரே நம்புகிறது. அன்று பிரகாரத்தில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் கூட்டம் நெரியும். ஆனால் சுவரை நின்று படிக்க வேறொரு நாள் வர வேண்டும்.