‘ஷும்’: சடங்கும் சந்தையும்

2021ஆம் ஆண்டு றொற்றர்டாமில் நடைபெற்ற யூரோவிஷன் இசைப் போட்டியில் உக்ரேனியக் குழுவான ‘கோ ஏ’ வழங்கிய ‘ஷும்’, வசந்தத்தை வரவேற்கும் ‘வெஸ்னியாங்கா’ என்னும் நாட்டார் சடங்குப் பாடல் மரபினின்றும் முகிழ்த்ததாகும். நார்ச்செடி விதைப்பைக் கூறும் அதன் சொற்களில் வேளாண் உழைப்பின் நினைவு உறைந்துள்ளது. இலத்திரனியல் இசை இங்கு வெறும் அலங்காரமன்று. படிப்படியாக விரைவுறும் தாளம் சடங்கின் இயக்கத்தையே பேணுகிறது. எனினும், 3 நிமிடப் போட்டி வரையறைக்குள் அடங்குகையில் சடங்கு பண்டமாகிறது என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

நடுவர் குழுக்கள் 97 புள்ளிகளையே அளிக்க, மொழியறியாப் பார்வையாளர் 267 புள்ளிகளை அளித்தனர். பாடல் 5ஆம் இடத்தைப் பெற்றது. இவ்விடைவெளியை இரசனை வேறுபாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. சடங்கில் ஆடுவோர், பார்ப்போர் என்ற பிரிவு இறுக்கமானதன்று. சந்தையே அதனை இறுக்குகிறது. அப்பிரிவைக் கணநேரமேனும் தளர்த்தியமையிலேயே இப்பாடலின் ஆற்றல் தங்கியுள்ளது என்பது எமது துணிபு.