ஆள் மாறிய அவியல்

அவியலைப் பற்றி நிதானமாக எழுத என்னால் முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது சாப்பிடுகிற அவியல் இல்லை. 2003-ல் எங்கள் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மலையாள ராக் பேண்ட். பெயரை வைத்துக்கொண்டு சேனை, முருங்கைக்காய், தேங்காய் எண்ணெய் என்று உவமை சொல்லாத பத்திரிகைக்காரர் இந்த ஊரில் இல்லை. நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. 'நட நட' பாட்டில் ரெக்ஸ் விஜயனின் கிடார் ஆரம்பிக்கிற இடம் இருக்கிறதே, அதற்கு உவமையே வேண்டாம். சத்தத்தைக் கூட்டினால் போதும்.

நான் இருப்பது வலியசாலையின் தமிழ் அக்ரஹாரத்தில். ராஜராஜ சோழன் கலமறுத்த காந்தளூர்ச்சாலை இதுதான் என்று, விருந்தாளியின் கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடும் தெரு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அடுத்த வீட்டில் ரசம் தாளித்தால் கடுகு வெடிப்பது இங்கே கேட்கும். நவராத்திரி மண்டபத்தில் 2006-ல் முதன்முதலாகப் பாடிய பெண்மணி, பாறசாலை பொன்னம்மாள், வலியசாலையில் வாழ்ந்தவர்தான். கச்சேரி கேட்டே வளர்ந்த காது எங்களுடையது. அதனால்தானோ என்னவோ, ஒரு பேண்டில் ஆள் மாறினால் ரசிகர்கள் ஏன் இப்படித் துக்கம் காக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியவே இல்லை.

கச்சேரியில் இன்றைக்கு ஒருவர் மிருதங்கம், நாளைக்கு வேறொருவர். சில சமயம் வயலின்காரரும் பாடகரும் மேடையில்தான் அன்றைக்கு முதல்முறையாகச் சந்திப்பார்கள். பாடகர் கல்யாணி என்று ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வழி தெரியும். ராகமும் தாளமும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. ராக் பேண்டில் அந்தப் பொதுச் சொத்து மிகக் கொஞ்சம். நாலு பேர் ஒரு அறையில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து தங்களுக்குள் ஒரு இலக்கணத்தைக் கட்டுகிறார்கள். ஒருவர் போனால் அதில் கால்வாசி அவரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு புது ஆளோடு மறுபடியும் கட்ட வேண்டும். அவியல் அப்படி மறுபடி கட்டியதை இந்த ஊரில் இருந்துகொண்டே கேட்ட பாக்கியசாலி நான்.

தொடக்கத்தில் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் பாடினார். டோனி ஜான் டர்ன்டேபிளில் இருந்தார். அதாவது ரெக்கார்டுத் தட்டை முன்னும் பின்னும் தேய்த்துச் சத்தம் எழுப்புகிற வேலை. கிடார், சிந்தசைசர் ரெக்ஸ் விஜயன். இவர் அதற்கு முன் கொச்சியின் மதர்ஜேன் பேண்டில் வாசித்தவர். பேஸ் நரேஷ் காமத், டிரம்ஸ் மிதுன் புத்தன்வீட்டில். கேரளத்தில் ராக் என்றால் இங்கிலீஷ் என்று அப்போது ஒரு எழுதாத சட்டம் இருந்தது. 1977-ல் கொச்சியில் ஆரம்பித்த 13ஏடி பேண்ட், சீலார்ட் ஓட்டலில் வெள்ளைக்காரப் பாட்டுகளை வாசித்துப் பெயர் வாங்கி, பிறகுதான் 1990-ல் 'கிரவுண்ட் ஜீரோ' என்று சொந்த ஆல்பம் போட்டது. அதிலும் இங்கிலீஷ்தான். அவியல் வந்து, நாட்டுப்பாட்டின் தாளக்கட்டில் கனத்த கிடாரை ஏற்றி, மலையாளத்தில் பாடியது. 'நட நட' டிவியில் வந்தபோது காலேஜ் வாசலில் அதைப் பாடாத பையன் கிடையாது. எங்கள் வீட்டுத் தமிழ்ப் பையன்களும் சேர்த்தி.

பிறகு ஆள் மாறியது. ஆனந்த்ராஜ் விலகினார். பாடகர் போனால் பேண்ட் போச்சு என்பது பொது நம்பிக்கை, ஏனென்றால் ஊர் பார்ப்பது அந்த முகத்தைத்தான். அவியல் வெளியே போய் ஒரு தொண்டையைத் தேடவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த டோனியே மைக்கின் முன்னால் வந்து நின்றார். என் கணக்கில் அந்த பேண்ட் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு அதுதான். பயிற்சி பெற்ற பாடகரின் வழவழப்பு டோனியிடம் இல்லை. பாட்டை நீட்டாமல் வெட்டி வெட்டி வைப்பார். தாளம் எங்கே விழும் என்று தெரிந்த ஒருவர் பாடுகிற மாதிரி இருக்கும். அந்த அழகில் எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது.

பேஸிலும் ஆள் மாறியது. நரேஷ் காமத் தன் சகோதரர் பரேஷோடு கைலாஷ் கேரின் கைலாசா பேண்டில் இருந்தவர். அவர் இடத்துக்கு பின்னி ஐசக் வந்தார். பேஸ்காரர் மாறினால் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பாட்டின் நடையே மாறும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

எங்கள் தெருப் பையன்கள் ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். எந்த ஊர் பேண்டும் இப்படித்தான் ஆரம்பிக்கும் போல: கிடார்காரர்கள் நாலு பேர், பேஸ் வாசிக்க ஒருத்தனும் இல்லை. நாலு பேரில் சுமாராக வாசிப்பவனைப் பேஸுக்குத் தள்ளினார்கள். டிரம்ஸ்காரன் கிடைப்பது அதைவிடக் கஷ்டம், கிடைத்தவன் ஏற்கெனவே மூன்று பேண்டில் இருந்தான். ஒத்திகைக்கு ஒரு வீட்டின் பின்கட்டு அறை. சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டினார்கள். அக்ரஹாரத்தில் முட்டைத் தட்டு! விஷயம் ஒரு பாட்டியின் காதுக்குப் போய், அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏண்டா, நம்மாத்துல முட்டைத் தட்டா?"

"காலித் தட்டுதான் பாட்டி. சத்தம் வெளில வராம இருக்க."

"அப்படியா? அப்போ ரெண்டு அடுக்கா ஒட்டு."

எத்தனை அடுக்கு ஒட்டினாலும் பயன் இல்லை என்பது வேறு விஷயம். முட்டைத் தட்டு அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், சத்தத்தை நிறுத்தாது. பேஸின் கனத்த ஒலி சுவர் வழியாகப் போய் அடுத்த வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை அதிரவைத்தது.

பேஸ்காரனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. இந்த ஊர் பேண்டுகள் கலைவது பெரும்பாலும் சண்டையால் இல்லை. பெங்களூர், வளைகுடா விசா, பி.எஸ்.சி. கோச்சிங், கல்யாணம், இவ்வளவுதான். புதிதாக வந்தவன் பழைய ரெக்கார்டிங்கைப் போனில் கேட்டு ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தான். பாட்டு மட்டும் நொண்டியது. முன்பு இருந்தவன் ஒவ்வொரு அடியிலும் மயிரிழை தாமதமாக வருவான். அதற்குத் தகுந்தாற்போல் டிரம்ஸ்காரன் தன்னை அறியாமலேயே கிக்கைப் பின்தள்ளிப் பழகியிருந்தான். புதியவன் சரியாக வாசித்ததுதான் கோளாறு. கடைசியில் வேகத்தைக் குறைத்து, நடுவில் கிடாரை எடுத்துவிட்டு, பேஸும் டிரம்ஸும் மட்டும் எட்டு ஆவர்த்தம் நடக்கட்டும் என்று வைத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பழையதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லா பேண்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. மதர்ஜேன் 2008-ல் 'மக்தூப்' ஆல்பம் போட்டபோது பைஜு தர்மஜனின் கிடாரில் கமகம் அப்படியே வளைந்து வந்தது. அதைக் கேட்டு எங்கள் தெரு மாமாக்களே தலையாட்டினார்கள். 2010-ல் அவர் விலகினார். பேண்ட் தொடர்ந்தது. ஆனால் அந்த வளைவு ஒரு தனி மனிதரின் விரலில் இருந்தது, கடன் வாங்க முடியவில்லை. தைக்குடம் பிரிட்ஜ் வேறு வகை. தமிழர்களுக்கு '96' படத்தின் மூலம் தெரிந்த கோவிந்த் வசந்தா ஆரம்பித்தவர்களில் ஒருவர். மேடையில் பாடகர்களே ஒரு கூட்டம். ஒருவர் போனாலும் கட்டடம் அசையாத ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாலே பேர் நிற்கிற மேடையில் இருக்கும் ஆபத்து எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

அவியலை மேடையில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாலு பேர்தான், பின்னால் திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ரெக்ஸ் ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது தானாகக் கரையும்வரை விட்டுவிடுவார். அடுத்த சுரத்துக்கு அவசரமே இல்லை. அந்த இடைவெளியில் மிதுனின் அடி வந்து விழும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும். முன்வரிசையில் ஒரு பெண் தன் கைப்பையைத் தரையில் போட்டுவிட்டுக் குதித்ததைப் பார்த்தேன். எனக்குக் குதிக்கிற வயது தாண்டிவிட்டது, இருந்தும் குதித்தேன். ரெக்ஸ் பின்னால் 'சாப்பா குரிசு' முதலான படங்களுக்கு இசையமைக்கப் போனதும், 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவியலின் 'ஆனக்கள்ளன்' வந்ததும் ஊரறிந்த கதை. சினிமாவுக்குப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை கொடுக்க வேண்டுமே.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 2008-ல் மும்பையின் ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'அவியல்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸே கேட்காது. ஹெட்போன் மாட்டி 'நட நட', அடுத்து 'செகேலே', அப்புறம் 'கறுகற'. ஒரு சுற்று பாட்டுக்காகக் கேட்டுவிட்டு, அடுத்த சுற்றில் குரலைக் கண்டுகொள்ளாமல் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அது முடிந்த கையோடு டோனி மைக்கில் இருக்கிற ஏதாவது ஒரு மேடை வீடியோவில் அதே 'நட நட'வைப் பாருங்கள். எது உசத்தி என்று உங்கள் வீட்டிலும் சண்டை வரும். நான் டோனி கட்சி.