தலை நொறுக்கும் சங்கீதத்தில் ஒரு வாய்த் தண்ணீர்

ஹேண்டல் என்றால் நம்மவர்க்கு ‘மெஸையா’வின் அல்லேலூயாதான். அது 1741இல் இயற்றியது. அதற்கு 34 ஆண்டுகள் முன்னால், 1707 ஏப்ரலில், ரோம் நகரில் தம் 22ஆம் வயதில் அவர் எழுதி முடித்த ‘டிக்சிட் டோமினுஸ்’ பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

லத்தீனில் 110ஆம் சங்கீதம். லத்தீன் விவிலியக் கணக்கில் 109. ஞாயிறு மாலை வழிபாட்டில் முதலாவதாகப் பாடப்பட்டு வந்தது. ஹேண்டலோ லூத்தரன் சபையில் வளர்ந்தவர். கத்தோலிக்க ரோமுக்கு எழுதிக் கொடுக்கிறார். அப்போது அந்நகரில் பொது மேடையில் ஆபராவுக்குத் தடை. காட்ட முடியாத நாடகத்தையெல்லாம் இதில் கொட்டிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. ஐந்து குரல் வரிசை, தந்தி வாத்தியங்கள், துணைக்கு ஆர்கன். எக்காளம் கிடையாது, முரசும் கிடையாது.

சங்கீதம் சாந்தமானதல்ல. பகைவர் பாதபடியாகிறார்கள், அரசர்கள் வீழ்கிறார்கள், பிணங்கள் குவிகின்றன, தலைகள் நொறுங்குகின்றன. ‘நொறுக்குவார்’ என்று பொருள்படும் ‘கொன்குவஸ்ஸாபித்’ என்ற ஒற்றைச் சொல்லை ஹேண்டல் துண்டு துண்டாக வெட்டி, ஐந்து குரல்களையும் ஒருசேரச் சம்மட்டியாக இறக்குகிறார். பரணியின் சந்தத்தை வாய்விட்டுப் படித்தவர்களுக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபடும். பொருள் தெரியாவிட்டாலும் அடி விழுவது கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, இளைஞர் ரசித்துத்தான் அடிக்கிறார். அங்கேதான் எனக்கு நெருடல். தலை உடைவதற்கு நாம் தாளம் போடலாமா?

அடுத்த வரியில் அவரே வேறு ஆளாகிவிடுகிறார். வென்றவர் வழியிலுள்ள ஓடையில் நீர் குடிக்கிறார், அதனால் தலை நிமிர்கிறார் என்பது அதன் பொருள். வெற்றி முழக்கத்துக்குத் தோதான இடம். ஹேண்டல் முழக்கவில்லை. இரண்டு சோப்ரானோ குரல்களை ஒன்றோடொன்று உரசவிட்டு, வலியோடு மெல்ல நகர்த்துகிறார். அடியில் ஆண்குரல்கள் ஒரே சுரத்தொடரை ஜபம்போல் முணுமுணுக்கின்றன. தலை நிமிர்வதைச் சொல்லும் வார்த்தைக்கு இசை தலை குனிகிறது. இது அவர் திட்டமிட்டுச் சொன்ன தீர்ப்பா என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் முந்தைய சம்மட்டி அடி, இதைக் கேட்டபின் பழைய மாதிரி இனிப்பதில்லையே!

பிறகு வரும் முடிவுத் துதியில், தொடக்கத்தில் கேட்ட பழைய தேவாலய மெட்டு திரும்ப வருகிறது. குரல்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடுகின்றன. கெட்டிக்கார வேலை, கொஞ்சம் நீளம். என் காது ஓடைக்கரையிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் பகுதியை அவசரமாகக் கடக்கும் இசைப்பதிவுகளை நான் மறுமுறை போடுவதில்லை.