இரசிகர் வாக்கும் திரைப்படத் தரமும்

பிறித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் வெளியீடாகிய 'சைட் அன்ட் சவுண்ட்' என்னும் சஞ்சிகை 1952ஆம் ஆண்டில் விமரிசகர் 85 பேரை அணுகி, அதுகாறும் வெளிவந்த படங்களுள் தலைசிறந்தவை என அவர் கருதும் பத்தினைக் குறித்தனுப்புமாறு வேண்டிற்று. 63 பேர் விடையளித்தனர். அவருள் 25 பேரின் பட்டியல்களில் இடம்பெற்ற விற்றோரியோ டி சீக்காவின் 'துவிச்சக்கரவண்டித் திருடர்' முதலிடம் எய்தியது. அப்படம் வெளிவந்து அப்பொழுது நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அன்றுதொட்டுப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற்றுவரும் இவ்வாக்கெடுப்பின் முடிவை, திரைப்படக் கலையில் ஈடுபாடுடையோர் எதிர்பார்த்திருந்து, வெளிவந்தவுடன் மாதக்கணக்கில் வாதிட்டு வருகின்றனர்.

வாதிடுதற்கு இடமும் உண்டு. 1952இல் முதற் பத்தினுள் வாராத ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941), 1962இல் முதலிடத்துக்கு ஏறி, 2002ஆம் ஆண்டு வரை ஐந்து வாக்கெடுப்புகளில் அசையாது நின்றது. 'துவிச்சக்கரவண்டித் திருடர்' 1972ஆம் ஆண்டளவில் முதற் பத்திலிருந்தே நீங்கிவிட்டது. 2012இல் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' (1958) கேனை வீழ்த்திற்று. 2022இல் பெல்ஜிய நாட்டு நெறியாளர் ஷான்டால் அக்கர்மானின் 'ஜான் டீல்மன்' (1975) முதன்மை பெற்றது. பெண்ணொருவர் நெறிப்படுத்திய படம் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறையாகும். 2015இல் மறைந்த அக்கர்மான் அதனை அறியாது போனார்.

ஈண்டு எண்களைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். 1952இல் முதலிடம் பெற்ற படத்தை வாக்காளருள் ஐவரில் இருவர் தெரிந்திருந்தனர். 2012இல் 846 வாக்காளருள் 'வேர்ட்டிகோ'வைக் குறித்தோர் 191 பேர். நால்வரில் ஒருவர்கூட இல்லை. 2022இலோ 1639 பேர் வாக்களித்தனர். 'ஜான் டீல்மன்' பெற்றவை 215, 'வேர்ட்டிகோ' பெற்றவை 208. அஃதாவது, உலகின் தலைசிறந்த படம் எனப் பத்திரிகைகள் தலைப்பிட்டு எழுதிய படத்தை, வாக்களித்தோரில் நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு மேற்பட்டோர் தம் பத்தினுள் சேர்த்தாரல்லர். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட தூரம் ஏழே வாக்குகள். ஏழு பேர் அன்று வேறுவகையாக எண்ணியிருப்பின் தலைப்பு மாறியிருக்கும், படங்கள் மாறியிரா.

இது வாக்கெடுப்பை நடத்தியோரின் குறையன்று. அவையில் இருப்போர் தொகை பெருகப் பெருக, ஒருமித்த கருத்து அருகுதல் இயல்பு. 1952இல் விடையளித்த 63 பேர் பார்த்திருந்த படங்களின் தொகுதி ஏறத்தாழ ஒன்றே. 2022இல் வாக்களித்தோரோ பல கண்டங்களிலும் உள்ளவர். நாளிதழ் விமரிசகரோடு ஆய்வாளர், ஆவணக் காப்பாளர், விழா அமைப்பாளர் முதலியோரும் அவருள் அடங்குவர். வள்ளுவர் அவையறிதலுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை சொல்லுவோனுக்காக. ஆயின் அதனைப் பட்டியல் படிப்போனும் கருத்திற் கொள்ளுதல் நன்று. எவ்வவை கூடிற்று என்பதை அறியாதவர்க்கு அதன் முடிபு யாது உணர்த்தும்?

அமெரிக்க நெறியாளர் போல் ஷ்ரேடர் 2022ஆம் ஆண்டு முடிவைக் கண்டித்த காலத்தில் அக்கர்மானின் படத்தைப் பழித்தாரல்லர். அது தமக்கு விருப்பமான படங்களுள் ஒன்றென்றே கூறினார். அவையை மாற்றியமைத்ததால் வாக்கெடுப்பின் நம்பகம் குன்றிற்று என்பதே அவர்தம் முறையீடு. இவ்வாதம் ஒரு பக்கமே நோக்கியது. பழைய அவையும் யாரோ அமைத்த அவைதானே. அதன் எல்லைகள் கண்ணுக்குப் புலனாகாமற் போனமைக்குப் பழக்கமே காரணம். 1992இல் ஆறாமிடத்தைப் பிற படங்களுடன் பகிர்ந்துகொண்ட சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 2012இல் 42ஆம் இடத்திலும் 2022இல் 35ஆம் இடத்திலும் நின்றது. துர்க்காவும் அப்புவும் புகையிரதம் காண ஓடிய வெளி அன்றிருந்தவாறே இருக்கின்றது. ராய் மறைந்த ஆண்டு 1992 என்பதையும் நினைவிற் கொள்க.

'வேர்ட்டிகோ' ஏறிய வழி இன்னும் வியப்புக்குரியது. 1970களின் முற்பகுதியிலிருந்து 1983 வரை அப்படம் பொதுக் காட்சிக்குக் கிடைக்காது முடங்கிக் கிடந்தது. அவ்வாறிருந்தும் 1982இல் அது முதன்முறையாக முதற் பத்தினுள் புகுந்து ஏழாமிடம் பெற்றது. முன்னர்ப் பார்த்தோர் நினைவும், அதுபற்றி எழுதப்பட்ட விமரிசனங்களும், காணக் கிடைக்காததன்மேற் செல்லும் ஏக்கமும் கூடியே அவ்வாக்குகளை ஈட்டின எனல் வேண்டும். இறந்துபட்டாள் எனக் கருதிய பெண்ணை மற்றொருத்தியின் உருவில் மீளப் படைக்க முயலும் ஒருவனின் கதை அது என்பதை நினைப்போர்க்கு, இதில் ஒரு பொருத்தம் தோன்றாமற் போகாது.

இனி, விமரிசகர் அவையை விட்டு இரசிகர் பேரவைக்கு வருதல் தகும். 1990இல் இங்கிலாந்தில் கொல் நீடம் என்னும் திரைப்பட ஆர்வலர் தொடக்கிவைத்த ஐ.எம்.டி.பி. என்னும் இணையத் தரவுத்தளம், எவரும் எந்தப் படத்துக்கும் ஒன்று முதற் பத்து வரை புள்ளி வழங்க இடமளித்தது. அப்புள்ளிகளைக்கொண்டு சிறந்த 250 படங்களின் நிரல் ஒன்று வகுக்கப்படுகின்றது. வெறும் சராசரி அதற்கு அளவுகோலன்று. வாக்குகள் குறைவாயிருப்பின் படத்தின் சராசரியைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் ஒரு சூத்திரம் அதற்குண்டு. நூறு நண்பர் கூடிப் பத்துப் பத்தாக வழங்கி ஒரு படத்தை உச்சிக்கு ஏற்றிவிடாதிருக்க அஃது ஒரு தடை. அன்றியும், வழமையாக வாக்களிப்போரின் புள்ளிகளே இந்நிரலுக்குக் கொள்ளப்படும். வழமையான வாக்காளர் யாவர் என்பதைத் தளத்தார் வெளியிடுவதில்லை. கணிதம் அறிந்தோர் இவ்வேற்பாட்டின் நுட்பத்தை மெச்சுவர்.

ஆயினும் 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அச்சூத்திரத்தின் வலிமை சோதனைக்குள்ளாயிற்று. கிறிஸ்ரோபர் நோலனின் 'த டார்க் நைட்' வெளிவந்த சின்னாட்களில் அதன் இரசிகர் அதனை நிரலின் தலைக்கு ஏற்றினர். தம் படத்துக்குப் பத்து வழங்கியதோடு அமையாது, நெடுங்காலம் உச்சியிலிருந்த கொப்பொலாவின் 'கோட்பாதர்' (1972) படத்துக்குப் பலர் ஒரு புள்ளி வழங்கினர். 'கோட்பாதர்' பற்றாளரும் அவ்வண்ணமே பழிதீர்த்தனர். இரு சாராரும் ஒருவரையொருவர் இழுத்து வீழ்த்த, அப்போரிற் பங்குகொள்ளாது இரண்டாமிடத்தில் அமைதியாக நின்ற 'த ஷோஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) முதலிடத்துக்கு வந்து, பின்னர் ஆண்டாண்டாக அங்கேயே நிலைத்தது. தேர்தற் காலங்களில் இருவர் பூசலில் மூன்றாமவர் வெல்வதைக் கண்டோர்க்கு இது புதிதன்று. ஆயின் ஒருபோதும் பார்த்திராத படத்துக்கு ஒரு புள்ளி இடுதலை இரசனை என்று எவ்வாறு கூறுவது?

இதுகொண்டு இரசிகர் அன்பைப் பொய்யெனத் தள்ளிவிடுதல் கூடாது. ஷோஷாங்க் படமாளிகைகளில் முதற்கண் ஓடியபோது அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ 160 இலட்சம் டொலர். ஆக்கச் செலவோ 250 இலட்சம். ஏழு ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு ஒன்றனையும் பெறவில்லை. வாடகைக்குக் கிடைத்த ஒளிநாடாக்களிலும் தொலைக்காட்சியிலும் வீட்டிலிருந்து பார்த்தவர்களே அதனை வாழவைத்தனர். விமரிசகர் துணையின்றி மக்கள் தாமே கண்டெடுத்த படம் அது. 'சைட் அன்ட் சவுண்ட்' 2022இல் வெளியிட்ட நூறு படங்களுள் அதற்கு இடமில்லை. மறுதலையாக, அந்த நூற்றில் முதலாவதாய் நின்ற 'ஜான் டீல்மன்' இரசிகர் நிரலின் 250இல் இல்லை. 'கோட்பாதர்' இரண்டிலும் உண்டு. 2022இல் விமரிசகர் அதனைப் 12ஆம் இடத்தில் வைத்தனர்.

இவ்விரு பட்டியல்களின் தலையிலும் நின்ற படங்களை அருகருகே வைத்து நோக்குவார்க்கு எதிர்பாராத ஓர் ஒற்றுமை தோன்றும். இரண்டும் சிறைப்பட்ட மனிதரைப் பற்றியவை. இரண்டும் அன்றாடக் கடமைகளின் படங்கள். ஷோஷாங்கில் வங்கி அலுவலனாகிய அன்டி தான் செய்யாத கொலைக்காக 1947இற் சிறை புகுந்து, சிறியதொரு பாறைச் சுத்தியலால் பத்தொன்பது ஆண்டுகள் சுவரைக் குடைந்து வெளியேறுகின்றான். அக்கர்மானின் படத்தில் பிரசெல்ஸ் நகரத்துக் கைம்பெண் ஒருத்தி மூன்று நாள் சமைக்கின்றாள், படுக்கை விரிக்கின்றாள், மகனுக்கு உணவு படைக்கின்றாள். பிற்பகல்களில் ஆடவரை வரவேற்றுப் பொருள் பெறுகின்றாள். அவளுக்குச் சுவர் இல்லை, குடைதற்கும் ஒன்றில்லை.

வேற்றுமை, பார்ப்போனை அவை நடத்தும் முறையில் உளது. ஷோஷாங்கில் ரெட் என்னும் மூத்த கைதியின் குரல் தொடக்கமுதல் உடன்வருகின்றது. மோர்கன் பிறீமனின் அக்குரல் எதனை அஞ்சவேண்டும், எதனை நம்பவேண்டும் என்று பார்ப்போனுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே செல்லும். படத்தில் நிகழும் ஒவ்வோர் அநீதிக்கும் பின்னர்க் கணக்குத் தீர்க்கப்படும். சிறை அதிபதி ஏந்திப் பேசிய வேதநூலே சுத்தியலை ஒளித்துவைத்த பேழையாய் முடிவது போன்ற கைம்மாறுகள் அதில் மலிந்துள்ளன. பார்ப்போன் பொறுத்திருந்த ஒவ்வொரு கணமும் வட்டியோடு மீளக் கிடைக்கின்றது. இரசிகர் பத்துப் புள்ளி வழங்குதல், பெற்றதற்குச் செய்யும் நன்றியறிதலே என்னலாம். கைமாறு இத்துணை முறையாகக் கிடைப்பது உலகியற்கையோடு ஒட்டியதா என்னும் வினாவை அப்படம் எழுப்புவதில்லை. எழுப்பாமையே அதன் ஆறுதலும் எல்லையும் ஆகும்.

'ஜான் டீல்மன்' 201 நிமிடம் ஓடும். ஒளிப்பதிவுக் கருவி அசைவதில்லை. அடுக்களையில் ஒரே உயரத்தில் நின்று, உருளைக்கிழங்கு உரிக்கப்படுவதை உரித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். துணையாக ஒரு குரலும் இல்லை. முதனாள் ஒழுங்கு முழுவதையும் பார்ப்போன் தானறியாமலே மனப்பாடம் செய்துவிடுகின்றான். ஆதலின் இரண்டாம் நாள் கிழங்கு மிகையாக வெந்து குழைந்துபோக, டெல்பின் செய்ரிக் அப்பாத்திரத்தைக் கையிலேந்தி எங்கு வைப்பதென்றறியாது வீட்டினுள் அலையும்போது, வேறு படங்களில் வீடு தீப்பற்றினாலும் உண்டாகாத கலக்கம் உண்டாகின்றது. மூன்றாம் நாளின் கொடுஞ்செயல் அக்கிழங்கிலேயே தொடங்கிவிட்டது. இப்படத்தை நயக்காதோர் சோம்பேறிகளல்லர். மூன்றுமணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பை இது பார்ப்போனிடம் கேட்கின்றது. எல்லாரிடத்தும் எல்லாப் பொழுதும் அதனைக் கேட்க எக்கலைக்கும் உரிமையில்லை. எனினும் ஒருமுறை கொடுத்தவர் தம் வீட்டு அடுக்களையை மறுநாள் வேறு கண்கொண்டு நோக்குவர். ஷோஷாங்க் பார்த்தவர் சிறையை அவ்வாறு நோக்குவரோ என்பது ஐயம்.

இவ்வொப்பீட்டில் எவரும் மாறுபடலாம். மாறுபடுவோர் காரணம் கூறின் கேட்போர் இருசாராரும் பயன்பெறுவர். வாக்கு அதனை ஒருபோதும் கூறாது. 'துவிச்சக்கரவண்டித் திருடர்' பெற்ற 25 வாக்குகளில் ஒன்று தந்தையின் கண்ணீருக்காகவும், மற்றொன்று போருக்குப்பின் உரோமாபுரி கிடந்த நிலைக்காகவும், பிறிதொன்று நடிப்புத் தொழிலறியாத மாந்தரை நடிப்பித்த துணிவுக்காகவும் அளிக்கப்பட்டிருக்கக் கூடும். கூட்டற் கணக்கில் அவை யாவும் ஒன்றே.

விமரிசகர் வாக்கெடுப்பில் இக்குறைக்கு ஓரளவு மாற்று உண்டு. அண்மைக்கால வாக்கெடுப்புகளில் ஒவ்வொருவர் தெரிவும் அவரவர் பெயரோடு வெளியிடப்படுகின்றது. பலர் தம் தெரிவுக்கான காரணத்தையும் சில வரிகளில் எழுதியுள்ளனர். மொத்த நிரலைக் காட்டிலும் அத்தனிப் பட்டியல்களே படிப்பதற்குச் சுவையானவை. ஒரே ஒருவர் மட்டும் குறித்த படங்கள் அவற்றில் ஏராளம். நூறு வரையும் எண்ணி நிறுத்திவிடும் பத்திரிகைச் செய்தியில் அவை இடம்பெறா. எனினும் புதிய படங்களைத் தேடுவோன் முதற்கண் செல்லவேண்டிய இடம் அதுவே.

இரசிகர் தளத்திலும் இத்தகைய வாய்ப்பு ஒருகாலத்து இருந்தது. ஒவ்வொரு படத்தின் பெயருக்குக் கீழும் விவாதப் பலகை ஒன்று இருந்தது. அங்கு வசையும் வீண்பேச்சும் மிகுதி என்பது உண்மை. 2008ஆம் ஆண்டுப் பூசலின் அனல் அங்கும் வீசிற்று. எனினும் வெகுசிலரே பார்த்த ஒரு பழைய படத்தின் இறுதிக் காட்சிக்குப் பொருள் யாதென ஒரு நாட்டிலிருந்து ஒருவர் வினவ, ஆண்டுகள் சில கழித்து மற்றொரு நாட்டிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் விடையிறுத்தலும் அப்பலகைகளிலே நிகழ்ந்தது. பெரும்பாலான பயனாளர்க்கு அவை நன்மை தரவில்லை எனக் கூறித் தளத்தார் 2017ஆம் ஆண்டு பெப்ருவரி 20இல் அவற்றை மூடினர். மதிப்புரை எழுதுதற்கு இன்னும் இடமுண்டு; ஒருவர் எழுதியதற்கு மற்றொருவர் மறுமொழி கூறுதற்கு அங்கு இடமில்லை. புள்ளி வழங்குதல் மட்டும் முன்போலவே நடைபெறுகின்றது.