உடம்பின் கணக்கு யார் கையில்?

சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' 2015-இல் வெளிவந்தபோது, 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை மறுபடி பேச்சுக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பாட்டின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மண்ணைச் சுத்தம் செய், தொழிலாளருக்கு ஈடு கொடு என்ற இரண்டையும் அது உரக்கக் கேட்டது. மூன்றாவதாகக் கேட்டிருக்க வேண்டியது, காகிதம்.

பாதரச ஆவி மூச்சு வழியே ரத்தத்தில் கலக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் எட்டும். ஆனால் வேலையை விட்டபின், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. மண்ணில் கலந்த பாதரசத்தை இன்றும் அளக்கலாம். 1990-இல் அங்கே வேலை செய்த பெண்ணின் சிறுநீரில் இன்று தேடினால் அது கிடைக்காது. அன்று எடுத்த பரிசோதனைக் குறிப்புதான் அவளுக்குச் சாட்சி.

அந்தக் குறிப்பு ஆலை முதலாளியிடம் இருக்கும். போபாலுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41சி பிரிவு, ஆபத்தான தொழிலில் உள்ளோரின் உடல்நலப் பதிவேட்டைப் பராமரிக்கவும், தொழிலாளர் அதைப் பார்க்க வழிசெய்யவும் சொன்னது. தர மறுத்தால்? இங்கிலாந்தில் வழக்குத் தொடுக்கும் முன்பே ஆவணத்தைக் காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளையோ வழக்குத் தாக்கலான பிறகே உதவிக்கு வருகிறது. வழக்குப் போடலாமா என்று முடிவுசெய்யத் தேவையான காகிதத்தைப் பார்க்க, முதலில் வழக்குப் போட வேண்டும். வக்கீல் கூலிக்கே வழியில்லாத பெண் என்ன செய்வாள்?

கொடைக்கானல் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. ஒப்பந்தம் வரப் பத்து வருடம் ஆனது.

41சி-யிலும் ஓர் ஓட்டை இருந்தது. அது 'தொழிலாளி'யை மட்டுமே அறிந்திருந்தது. பாதரசம் உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வரக்கூடியது. அந்த உடுப்பைத் துவைத்த மனைவிக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அவள் நீதிமன்றம் போனாலும் கேட்டு வாங்க ஒரு தாள்கூடக் கிடையாது.

2018-இல் வந்த அடுத்த பாட்டும் மண்ணைச் சுத்தம் செய்வதைப் பற்றியே பேசியது. அது நியாயம்தான். இன்னொரு பாட்டு வருமானால், அது பதிவேட்டைக் கேட்கட்டும். துவைத்தவளின் பெயரையும் அதில் எழுதச் சொல்லட்டும்.